பன்னிரண்டாவது நாற்காலி

ஈஸ்டருக்கு மூன்று நாள் முன்னால் வரும் பெரிய வியாழக்கிழமை மாலைப் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேரின் வலது காலைக் கழுவித் துடைப்பார். இயேசு தம் சீடர்களின் காலைக் கழுவியதன் நினைவாக நடக்கிற சடங்கு அது. எங்கள் பங்குக் கோயிலில் அந்தப் பன்னிரண்டு பேரும் எப்போதும் ஆண்கள்தான். நான் கல்யாணமாகி ஆவடி கோவில்பதாகைக்கு வந்த நாளிலிருந்து அந்தப் பன்னிரண்டு பேருக்கும் துண்டு துவைத்து இஸ்திரி போட்டேன், செம்பு விளக்கினேன், வெந்நீரைப் பதமாகக் கலந்து வைத்தேன். பதினெட்டு வருடம். தண்ணீர் சுட்டால் எனக்குத் திட்டு, ஆறியிருந்தாலும் எனக்குத் திட்டு.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கோயிலில் கழுவப்போகிற காலை இவர்கள் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, பவுடரும் பூசிக்கொண்டு வருவார்கள். ஒருவர் மூன்று தெரு தாண்டி வர ஆட்டோ பிடித்தார். நடந்தால் கால் அழுக்காகிவிடுமாம். அழுக்கே இல்லாத பன்னிரண்டு ஜோடிக் கால்களுக்காக நான் உள்ளே தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருப்பேன்.

பெண்களின் காலையும் கழுவலாம் என்று ரோமிலிருந்து உத்தரவு வந்தது. அது ரோமிலிருந்து ஆவடிக்கு வந்து சேரச் சில வருடங்கள் பிடித்தன. ஒரு வருடம் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில், கோயில் காரியங்களைப் பேசும் பங்குப் பேரவைக் கூட்டத்தில், நானே எழுந்து கேட்டேன். பேரவைச் செயலாளர் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். தடித்த மூக்குக்கண்ணாடி, தடித்த குரல்.

"பொம்பளைங்க காலைச் சாமியார் தொடறதா? பாக்கற ஜனம் இன்னா பேசும், டீச்சர்?" என்றார்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். எட்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவளுக்கு வராமல் இருந்தால்தான் அதிசயம். "பதினெட்டு வருஷமா என் கை கலந்த தண்ணி உங்க காலுக்கு ஆகுது. என் கால் மட்டும் ஆகாதா சார்?" என்றேன். புதிதாக வந்திருந்த இளைய சாமியார், அதாவது பங்குத்தந்தை, கண்ணாடித் தம்ளரில் இருந்த டீயைக் குடித்து முடித்துவிட்டு, "இந்த வருஷம் பன்னிரண்டாவது நாற்காலி டீச்சருக்கு" என்றார்.

செயலாளர் விட்டுவிடவில்லை. "சரி, ஒரு வருஷம் பாப்போம். ஆனா வரேன்னு சொல்லிட்டு வராம போனீங்கன்னா, அந்த சேர் பழையபடி எங்களுக்குத்தான். அப்புறம் கேக்கக் கூடாது" என்றார். நான் தலையாட்டினேன். வராமல் எப்படிப் போவேன்? எனக்குத் தெரிந்து அதைவிட ஆசைப்பட்டு நான் கடவுளிடம் எதையும் கேட்டதில்லை.

அன்று வீட்டுக்கு வந்து முதல் வேலையாக என் காலைப் பார்த்தேன். பகீரென்றது. நாள் முழுக்க கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற கால். குதிகால் இரண்டும் பித்தவெடிப்பு. இத்தனை நாள் பவுடர் கால்களைப் பார்த்துச் சிரித்தவள், கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகைக் கேட்டு வாங்கி வந்து, தேங்காய் எண்ணெயில் உருக்கிக் குதிகாலில் தடவ ஆரம்பித்தேன். போதாததற்கு ஒரு புதிய வெள்ளைத் துண்டும் வாங்கினேன். கோயில் துண்டு இருக்கும்போது எதற்கு என்று கணவர் கேட்டார். பதினெட்டு வருடம் துவைத்த துண்டால் என் காலைத் துடைக்க விட மாட்டேன் என்றேன்.

தேர்தல் தேதி அறிவித்தார்கள். அன்றே நான் காலண்டரைப் பார்த்திருக்க வேண்டும். நான்தான் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேனே. பள்ளியில் தலைமையாசிரியை கூப்பிட்டு ஆணையைக் கையில் கொடுத்த பிறகுதான் உறைத்தது. வாக்குப்பதிவு பெரிய வியாழனன்று. எனக்குப் பூந்தமல்லியில் ஒரு வாக்குச்சாவடியில் டியூட்டி. முந்தின நாளே போய்ச் சேர வேண்டும். வியாழன் சாயங்காலம் ஓட்டு முடிந்து, பெட்டியை சீல் வைத்து ஒப்படைத்த பிறகுதான் விடுதலை.

தேதியை மாற்றச் சொல்லிக் கேட்டவர்கள் உண்டு. தேதி மாறவில்லை. ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் தேர்தலை நடத்துகிறவர்களையும், காலண்டர் அச்சடித்தவர்களையும், பௌர்ணமியைப் பார்த்து ஈஸ்டரைக் குறிக்கிற வழக்கத்தையும் சேர்த்து மனசுக்குள் வறுத்தெடுத்தேன். பெரிய வியாழனுக்கு முந்தின குருத்தோலை ஞாயிறன்றே ஒரு பயிற்சி வகுப்பு. கையில் குருத்தோலைச் சிலுவையோடு போய், விரலில் மை வைப்பது எப்படி என்று கற்றுக்கொண்டு வந்தேன்.

என் கணவர் அண்ணனூர் ரயில் பணிமனையில் வேலை செய்கிறவர். எதையும் கழற்றி மாட்டிவிடலாம் என்று நம்புகிறவர். "தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் கீறாரு. ரெண்டு நாள் ஜுரம்னு ஒரு சர்டிபிகேட் வாங்கிடலாம். எத்தினி பேரு வாங்கறாங்க" என்றார். நான் வேண்டாம் என்று உடனே சொல்லவில்லை. அதை மறைக்க விரும்பவில்லை. இரண்டு நாள் அந்தச் சர்டிபிகேட்டை மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைசியில் பங்குத்தந்தையிடமே போனேன், அவர் பரவாயில்லை என்று சொல்லிவிடுவார் என்ற நப்பாசையில்.

அவர் கேட்டது ஒரே கேள்வி. "எந்த வியாதின்னு எழுதுவீங்க, டீச்சர்? காலைத்தானே கழுவப் போறோம், கால்வலின்னு எழுதிடலாமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொய்க் காய்ச்சலோடு போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் தண்ணீர் பட்டதும் கூசிப் போவேன் என்று எனக்கே தெரிந்தது. "அந்த சேர் திரும்பப் போயிடும் ஃபாதர்" என்றேன். நான் கிளம்பும்போது ஃபாதர் என் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினார்.

புதன்கிழமை பூந்தமல்லிக்குப் போனேன். பையில் மாற்றுப் புடவை, மாத்திரை, அந்த வெள்ளைத் துண்டு. வியர்வை துடைக்கவாவது ஆகட்டும் என்று வீம்புக்காகப் போட்டுக்கொண்டேன்.

எங்கள் சாவடி ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. தலைமை அலுவலர் வங்கியில் வேலை பார்க்கும் இளைஞர். அவருக்கு இதுதான் முதல் தேர்தல். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கையேட்டைப் புரட்டுவார். ஓட்டு போட வருகிறவரின் பெயரை முதல் அலுவலர் பட்டியலில் பார்த்துச் சொல்வார். அடுத்து நான். இடது ஆள்காட்டி விரலைப் பிடித்து, நகத்தின் மேலிருந்து முதல் கணு வரை மையால் ஒரு நேர்கோடு போட்டு, பதிவேட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. கட்சிகளின் ஏஜென்டுகள் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏழு மணிக்கே வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. பர்தா போட்ட அம்மாவும் மகளும், பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவர், ராத்திரி ஷிப்ட் முடித்து அப்படியே வந்த பையன்கள். கிரீஸ் படிந்த விரல், மருதாணி விரல், பூக்கட்டி நார் அறுத்த விரல். பிடித்தேன், வைத்தேன், அனுப்பினேன். மனசு மட்டும் ஆவடியில் இருந்தது. இந்நேரம் யார் செம்பு விளக்குகிறார்களோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அரை மணி நேரம் போயிருக்கும். பெஞ்சிலிருந்து ஓர் ஏஜென்ட் எழுந்து என் மேஜைக்கு வந்தார். நாற்பது வயதுக்காரர், ஆட்டோ ஓட்டுகிறவர் என்று காலையில் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார்.

"இன்னா மேடம் இது? கோடு போடச் சொன்னா எல்லார் வெரல்லயும் சிலுவை போட்டுகினு கீறீங்க? இது பூத்தா, சர்ச்சா?"

என் கையில் அப்போது ஒரு பெண்ணின் விரல் இருந்தது. பார்த்தேன். நகத்தின் மேல் ஒரு கோடு, அதன் குறுக்கே சின்னதாக இன்னொரு கோடு. ஈரம் காயாத ஊதாச் சிலுவை.

வேண்டுமென்று செய்யவில்லை. என் கை செய்தது. பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும்போது நெற்றியில் சிலுவை போட்ட கை அது. ராத்திரி இட்லி மாவைக் கரைத்து மூடும் முன் மாவின் மேல் சிலுவை போடும். தயிருக்குப் புரை ஊற்றினாலும் போடும். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று கூட்டம் அதிகமானால், கன்னியாஸ்திரிகளோடு சேர்ந்து நானும் சாம்பல் கிண்ணத்தோடு நின்று வரிசையாக வருகிறவர்களின் நெற்றியில் பூசிவிடுவேன். இங்கேயும் வரிசையாக வந்தார்கள், என் கையில் கறுப்பாக ஏதோ இருந்தது, மனசு வேறெங்கோ இருந்தது. கைக்கு அது போதுமாயிருந்தது.

தலைமை அலுவலர் கையேட்டோடு என் பக்கம் வந்தார். "இவர் எழுதிக் கொடுத்தா நான் மேல அனுப்பியே ஆகணும் டீச்சர். உங்களை மாத்திடுவாங்க" என்றார் மெதுவாக.

அந்த நேரத்தில் எனக்கு வந்த எண்ணத்தை நான் இதுவரை சாமியாரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். மாற்றினால் மாற்றட்டும். மத்தியானத்துக்குள் வீட்டுக்குப் போய்விடலாம், சாயங்காலம் நாற்காலியில் உட்காரலாம். பொய் சர்டிபிகேட் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். கதவு தானாகத் திறந்தது போலிருந்தது.

ஆனால் அந்த மனிதர் கேட்டது நியாயம். ஓட்டுப் போடப் போன இடத்தில் என் விரலில் வேறு ஒருவர் அவருடைய சாமியின் குறியைப் போட்டு அனுப்பியிருந்தால் நான் சும்மா வந்திருப்பேனா? பூத்தையே இரண்டாக்கியிருப்பேன். அந்தப் பெண்ணைப் பார்த்தேன். கழுத்தில் மஞ்சள் கயிறு, நெற்றியில் குங்குமம். தன் விரலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபமில்லை, குழப்பம்தான். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் விரலில் முழுக்க மையைப் பூசிக் கோட்டைப் பட்டையாக்கினேன்.

எழுந்து நின்று சொன்னேன். "தப்புத்தாங்க. வேணும்னு பண்ணல. இட்லி மாவுல போடற கை, தானா போட்டுடுச்சு. இதுக்கு மேல போடாது. எழுதித் தரணும்னா தாங்க, உங்க உரிமை. ஆனா என்னை இருக்க விட்டீங்கன்னா நான் சாயங்காலம் வரைக்கும் ஒழுங்கா செய்யறேன்."

ஏஜென்டின் வாய் சிரிப்பில் ஓரமாகக் கோணியது.

"காத்தால வண்டில சாவி போட்டன்னா என் கையி தானா ஹேண்டில்பாரத் தொட்டுக் கண்ல ஒத்திகினு போவும் மேடம். ஒரு தபா சவாரிக்காரம்மா பையத் தூக்கி வெச்சேன், அத்தயும் தொட்டு ஒத்திகினேன். அந்தம்மா என்னிய ஒரு மாதிரி பாத்துச்சு" என்றார். முதல் அலுவலர் சிரித்துவிட்டார். "எழுதித் தர்ல. ஆனா நேரா போடுங்க. நான் பாத்துகினேதான் இருப்பேன்."

சொன்னபடி பார்த்துக்கொண்டேதான் இருந்தார். பெஞ்சை என் மேஜைப் பக்கமாக இழுத்துப் போட்டு, டீ குடிக்கும்போதும் தம்ளருக்கு மேலாக என் கையைப் பார்த்தார். எனக்கும் அது உதவியாகவே இருந்தது. மனசு ஆவடிக்குப் போகாமல் மேஜையிலேயே உட்கார்ந்தது. ஒவ்வொரு விரலாக, ஒவ்வொரு நேர்கோடாக.

மூன்று மணி இருக்கும். முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் உள்ளே வந்தார். இரண்டு பக்கமும் சட்டைக் கை வெறுமனே தொங்கியது. கட்டட வேலையில் கம்பி தூக்கும்போது மேலே போன மின்சாரக் கம்பியில் பட்டு, இரண்டு கையும் தோளோடு போய்விட்டதாம். அடையாள அட்டை சட்டைப் பையில் இருந்தது. முதல் அலுவலர் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார். தலைமை அலுவலர் கையேட்டைப் புரட்டினார். இடது கையில் விரல் இல்லாவிட்டால் என்ன, வலது கையிலும் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று எழுதியிருந்தது. கையே இல்லாவிட்டால் என்ன என்பது அவர் தேடிய பக்கத்தில் கிடைக்கவில்லை.

"போன வாட்டி இங்கதான் வெச்சாங்க சார்" என்று சொல்லி, வந்தவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, இடது காலைச் செருப்பிலிருந்து எடுத்து நீட்டினார்.

மேஜைக்கு மேலிருந்து எட்டவில்லை. நான் சுற்றிக்கொண்டு போய்த் தரையில் முட்டி போட்டேன். வலிக்கிற முட்டி, உட்காரும்போதே சத்தம் போட்டது. கால் முழுக்க ரோட்டுப் புழுதி, கட்டை விரலில் சாக்கடைச் சேறு காய்ந்திருந்தது. அழுக்கின் மேல் மை பிடிக்காது. துடைத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும் என்று பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள். துணிக்காகப் பையைத் துழாவினேன். அந்த வெள்ளைத் துண்டுதான் கையில் வந்தது.

என் காலுக்கென்று வாங்கிய அதை மடியில் விரித்துக்கொண்டேன். யாரோ பக்கத்தில் குனிந்தார்கள். ஏஜென்ட். அவருடைய தண்ணீர் பாட்டிலைத் திறந்து, "காட்டுங்க மேடம்" என்று காலில் மெல்ல ஊற்றினார். நான் விரலையும் விரல் இடுக்கையும் தேய்த்துக் கழுவி, துண்டால் ஒற்றினேன்.

"யக்கா, கிச்சு கிச்சு மூட்டாதக்கா" என்று ஓட்டுப் போட வந்தவர் நெளிந்து சிரித்தார். "சீக்கிரம் வைக்கா, ஷேர் ஆட்டோ நிக்குது."

மைக்குச்சியை எடுத்தேன். கட்டை விரல் நகத்தின் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தேன். குறுக்கே திரும்பலாமா என்று கை கேட்டது. வேண்டாம் என்றேன். ஏஜென்டுக்குப் பயந்து அல்ல. அது அவருடைய கால், அவருடைய ஓட்டு; என் சிலுவைக்கு அங்கே வேலை இல்லை. அந்த நேரத்தில் கடவுள் எனக்கு மிகவும் பக்கத்தில் இருந்தார். அங்கே யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை, அதனால் இங்கே சொல்கிறேன்.

அவர் வலது கால் விரலில் பேனாவைப் பிடித்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். என் கையெழுத்தைவிட நன்றாக இருந்தது. தலைமை அலுவலர் இயந்திரத்தை ஒரு தாழ்ந்த பெஞ்சுக்கு இறக்கி வைத்தார். ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே போனவர், வாசலுக்கு அப்பால் நின்று காலைத் தூக்கிப் பிடித்து, யாரையோ கூப்பிட்டுப் படம் எடுக்கச் சொன்னது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

ஏஜென்ட் பெஞ்சுக்குத் திரும்பிப் போனார். அதன்பின் என் கையை அவர் பார்க்கவே இல்லை, பேப்பர் படித்தார்.

ஆறரை மணிக்கு எங்கள் கோயிலில் பூசை தொடங்கியிருக்கும். நான் பூந்தமல்லியில் மெழுகுவர்த்தியில் அரக்கு உருக்கிப் பெட்டிக்கு சீல் வைத்துக்கொண்டிருந்தேன். நாற்காலி போயிற்று என்றுதான் நினைத்தேன். வருத்தம் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் காலையில் இருந்த எரிச்சல் எங்கே போயிற்று என்று தேடினாலும் கிடைக்கவில்லை.

பெரிய வெள்ளி காலையில் கணவர் டீயைக் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். "நேத்து பதினோரு பேர் காலத்தான் கழுவினாங்க" என்றார்.

"ஏன்? பன்னெண்டாவது சேர்ல யாரும் உக்காரலையா?"

"உக்கார ஒருத்தர் வந்தாரு. செயலாளர் வுடல. டீச்சர் எலக்‌ஷன் டூட்டிக்குப் போயிருக்காங்க, இது அவங்க சேர்னு கைய குறுக்க நீட்டிட்டாரு. ஃபாதர் அந்தக் காலி சேருக்கு முன்னாடியும் ஒரு நிமிசம் முட்டி போட்டாரு."

தடித்த மூக்குக்கண்ணாடிக்காரரா என்று இரண்டு தடவை கேட்டேன். அவரேதான் என்றார். சர்டிபிகேட் வாங்காமல் நான் டியூட்டிக்குப் போனதைக் கணவர்தான் அவரிடம் சொல்லியிருக்கிறார். சொன்னபோது செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். டீ ஆறிப் போகும்வரை நான் அழுதேன்.

அடுத்த வருடம் ஊரடங்கு. பெரிய வியாழனன்று கோயில் கதவு பூட்டிக் கிடந்தது. பூசையை போனில் பார்த்தோம். கால் கழுவும் சடங்கு இல்லை. அதற்கடுத்த வருடமும் இல்லை. எல்லாம் சரியாகி, பன்னிரண்டு நாற்காலிகளை மறுபடி போட்டபோது நான்கில் பெண்கள் உட்கார்ந்தோம். என் நாற்காலியைச் செயலாளரே துடைத்துக் காட்டினார். அந்த வருடம் அவர் உட்காரவில்லை. தண்ணீர் கலப்பது அவர் வேலை; செம்பைத் தூக்கிக்கொண்டு சாமியாருக்குப் பின்னால் வந்தார்.

வீட்டில் நான் காலுக்குச் சோப்புப் போடவில்லை, மெழுகும் தடவவில்லை. பித்தவெடிப்பு அப்படியே இருந்தது. சாமியார் என் முன்னால் முட்டி போட்டபோதுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. இத்தனை வருடம் தண்ணீர் கலந்தது கஷ்டமில்லை, பூந்தமல்லியில் முட்டி போட்டதும் கஷ்டமில்லை. இன்னொருவர் கழுவட்டும் என்று காலை நீட்டுவதுதான் கஷ்டம். முன்பின் தெரியாத என்னிடம் ஒருவர் அதை ஒரு யோசனையும் இல்லாமல் செய்துவிட்டு, ஷேர் ஆட்டோ பிடிக்கப் போனார். அவரை நினைத்துக்கொண்டு காலை நீட்டினேன்.

செயலாளர் கலந்த தண்ணீர் நல்ல சூடு. நான் அவரைத் திட்டவில்லை. அவர்தான் குனிந்து, "வலது கால் டீச்சர், வலது" என்று கிசுகிசுத்தார்.

நீட்டிய இடது காலை நான் எடுக்கவில்லை.